ஆற்றுப் பக்கத்து ஜன்னலும் அலங்காரச் சபையும்

குடியிருப்பு அலங்காரச் சபை தோன்றுவதற்கு முன்னர், பிரிக்ஃபீல்ட்ஸ் ஊழியர் வீடுகளுக்கு ஜன்னல்கள் இருந்தன. இதனைச் சபையின் பகைவர்களும் ஒப்புக்கொள்வர், சபையும் ஒப்புக்கொள்ளும். ஜன்னல்கள் இருந்தமையே சபை தோன்றுவதற்குக் காரணமாயிற்று.

அவை அழகில்லாத ஜன்னல்கள். இரண்டு மரக் கதவுகள், ஓர் இரும்புக் கொண்டி, அவ்வளவே. தள்ளினால் திறக்கும், இழுத்தால் மூடும். இவற்றைத் தவிர அவற்றினிடம் வேறு குணம் எதுவும் காணப்படவில்லை என்று சபையின் முதற் கூட்டத்திலேயே வருத்தத்தோடு கூறப்பட்டது.

வீடுகள் ஒரு பெரிய நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. அதன் பெயரை நான் இங்கு எழுதவில்லை. எழுத வேண்டுமாயின் அனுமதி பெறவேண்டும். அனுமதி வருவதற்குள் இக்கதையிலுள்ளோர் எல்லாரும் இறந்துவிடுவர். ஒருவர் எப்படியும் இறக்கத்தான் போகிறார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் ஆண்டு. நிர்வாகத்தின் பட்டறை ஊழியர்களுக்கு வேண்டிய பொருள்களை மேலிருந்து கொடுத்துவிடுவது பழைய முறை என்றும், அவர்களையே தேர்ந்தெடுக்கச் செய்வதுதான் புதிய முறை என்றும் நிர்வாகம் உணர்ந்தது. எனவே சபை அமைந்தது. அதற்கு ஓர் ஆங்கிலேயத் துரை தலைவரானார். யாழ்ப்பாணத்துக் கிராணியாகிய கார்த்திகேசு அதன் எழுத்தரும் மொழிபெயர்ப்பாளரும் ஆனார்.

பழைய பொருள் கண்முன் இருக்கும்வரை மனிதன் புதியதைத் தேர்ந்தெடுக்க மாட்டான் என்பது துரையின் துணிபு. ஆகையால் தேர்வுக்கு முன்னதாகவே, வீட்டுக்கு ஒரு பொருளாகப் பழையவற்றைக் கழற்றிக்கொண்டு போயினர். மாரியாயி என்பவளின் வீட்டில் வாசற்கதவு போயிற்று. அவள் கோணிச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டாள். அடுத்த வீட்டு ரெங்கசாமிக்கு ஜன்னல் போயிற்று. திருடர் புகாதிருக்கும்பொருட்டு அந்த இடத்தில் பலகைகள் அறையப்பட்டன.

பலகைகளை அறைந்தவன் ஸ்டானிஸ்லாஸ். நிர்வாகத்தின் தச்சன், அதே வரிசையில் கோடி வீட்டில் இருப்பவன், ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போகிறவன்.

"மெதுவா அடிங்கண்ணே" என்றாள் உள்ளே படுத்திருந்த பவுனம்மாள்.

"மெதுவாத்தான் அடிக்கிறேன், தங்கச்சி. ரெண்டு மூணு வாரந்தான். புது ஜன்னல் வந்துடும்" என்றான் அவன். அவன் பொய் சொல்லவில்லை. அவனிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

மாரியாயி சாக்கை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "எனக்குக் கதவு இல்ல, ஒனக்கு ஜன்னல் இல்ல. ரெண்டு வீட்டையும் சேத்தா ஒரு வீடு ஆவும் போல இருக்கே, பவுனு!"

பவுனம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக முடிந்தது.

ரெங்கசாமியின் மனைவியாகிய பவுனம்மாளுக்கு மார்பில் நோய் இருந்தது. திருமணத்துக்கு முன்னர் அவள் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவள். விடியற்காலைக் காற்றிலேயே வளர்ந்தவள். பட்டறை டிரெஸ்ஸர் அவளைப் பரிசோதித்துவிட்டு, மருந்துப் புட்டி ஒன்றைக் கொடுத்து, "இது சும்மா பேருக்கு. காத்துதான் மருந்து. ஆத்துப் பக்கம் காத்து படற மாதிரி படுக்கப் போடு" என்று கூறியிருந்தார்.

அந்த வீட்டின் வாசல் பட்டறையை நோக்கியது. பட்டறையின் கொதிகலனுக்குக் கரி தள்ளுவதுதான் ரெங்கசாமியின் தொழில். பகல் முழுவதும் அவன் எழுப்பிய புகை அவன் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. கதவைத் திறந்தால் இருமல் மிகும். ஜன்னல்தான் ஆற்றை நோக்கியது. அக்கரையில் சீனர் ஒருவர் கீரைத் தோட்டம் வைத்திருந்தார். காலையிலும் மாலையிலும் தோளில் காவடியாக இரண்டு தகரக் குடங்களைச் சுமந்து பாத்திகளுக்கு நீர் ஊற்றுவார். ஜன்னலோரம் படுத்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது பவுனம்மாளுக்குப் பொழுதுபோக்காக இருந்தது. பலகைகள் அறையப்பட்ட பின்னர் அவள் கணவனிடம் கேட்பாள்:

"கீரைக்காரச் சீனன் தண்ணி ஊத்துறானா?"

"ஊத்துறான்" என்பான் ரெங்கசாமி, பலகையைப் பார்த்துக்கொண்டே.

மாரியாயி தன் வீட்டிலேயே அவளைப் படுக்கவைத்துக்கொள்ள முன்வந்தாள். கதவில்லாத வீட்டில் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அங்குக் கைக்குழந்தைகள் இருந்தமையால் டிரெஸ்ஸர் தடுத்துவிட்டார். மாரியாயி அவர்மேல் கோபித்துக்கொண்டு, பிறகு தன்மேலேயே கோபித்துக்கொண்டு, சாக்குக்குப் பின்னால் போய் அழுதாள்.

பலகைகளைப் பிடுங்கிவிடலாமே என்று படிப்போர் எண்ணலாம். பின் வரிசையில் பாலன் என்பவன் அப்படி எண்ணித் தன் வீட்டுப் பலகை ஒன்றை விலக்கினான். தேர்ந்தெடுக்காத காற்றை அனுபவித்தான் என்னும் குற்றத்துக்காக அவனுடைய குடும்பம் அந்த வாரமே வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. நோயாளியைத் தெருவில் கிடத்த ரெங்கசாமிக்குத் துணிவில்லை. முறைப்படி தேர்ந்தெடுத்து, முறைப்படி ஜன்னல் பெற்று, முறைப்படி மனைவியைப் பிழைக்க வைக்கவேண்டும் என்று அவன் உறுதிகொண்டான்.

சபைக்கு ஒரு மாதிரி அறை இருந்தது. அதன் சுவர்களில் பலவகை ஜன்னல்கள் பொருத்தப்பட்டிருந்தன. எந்த ஜன்னலைத் திறந்தாலும் சுவர் தெரிந்தது. ரெங்கசாமி குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை அணிந்து அங்குச் சென்றான். கார்த்திகேசு கிராணி அவனை ஒரு மேசைக்கு அழைத்துச் சென்றார். அதன்மேல் வெல்வெட்டுத் துணி விரித்து ஜன்னற் கைப்பிடிகள் வைக்கப்பட்டிருந்தன.

"முதலில பிடி. இது பித்தளை, இது பீங்கான், இது இரும்பு. உமக்கு எது பிடிச்சிருக்கு?"

இங்குதான் ரெங்கசாமி அந்தப் பெரும் பிழையைச் செய்தான். கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, "உங்க இஷ்டம்ங்க ஐயா. நீங்க பாத்து எதைக் குடுத்தாலும் சரிங்க" என்றான்.

பெரியவர் ஒருவர் என்ன வேண்டும் என்று கேட்டால், விரலை நீட்டி இன்னது வேண்டும் என்று கூறுதல் அவனுடைய மக்களிடையே ஆசை மிகுந்தவன் செயலாகும். பந்தியில் அமர்ந்தவன்கூட இலையைக் கையால் மறித்து, போதும் என்று இருமுறை சொன்ன பிறகே மூன்றாம் முறை கையை எடுப்பான். கார்த்திகேசுவுக்கு இது தெரியாததன்று. துரையின் முன்னிலையில் அவரும் அப்படித்தான் பேசுவார். ஆனால் சபையின் விதியில் இதற்கு இடமில்லை.

"என்ர இஷ்டத்தை ஆர் கேட்டது? உம்மட இஷ்டத்தைச் சொல்லும், காணும்."

"என் இஷ்டம் என்னங்க ஐயா பெரிய இஷ்டம்? உங்க இஷ்டந்தாங்க என் இஷ்டம்."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதையும்! திரும்ப ஒருக்காச் சொன்னீர் எண்டால் நான் எழுதத்தான் வேணும்."

மிகுந்த மரியாதையோடு ரெங்கசாமி திரும்பவும் சொன்னான். கார்த்திகேசு பெருமூச்சு விட்டு, 'விருப்பம் அற்றவர்' என்று எழுதினார். விருப்பம் அற்றவர்களுக்குப் பொருள் கொடுப்பது கட்டாயப்படுத்துவதாகும் என்பதால், அவர்கள் முதலில் சனிக்கிழமைகளில் நடக்கும் சுவைப் பயிற்சிச் சொற்பொழிவுகளுக்கு வந்து விருப்பம் உண்டாக்கிக்கொள்ளல் வேண்டும்.

சொற்பொழிவைத் துரையே நிகழ்த்தினார். கார்த்திகேசு பக்கத்தில் நின்று, மேடைக்குரிய செந்தமிழில் மொழிபெயர்த்தார்.

"நண்பர்களே! உங்கள் முன்னோர் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தனர். அங்கே காற்று நாற்புறமும் வீசிற்று. யாரும் கேளாமலே வீசிற்று. அதனால் உங்களுக்குக் காற்றின் அருமை தெரியாமற் போயிற்று. அந்த அருமையை உணர்த்தவே ஜன்னல்களை அகற்றினோம். இப்பொழுது உணர்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன்; மகிழ்கிறேன். என் மாளிகையில் எத்தனை ஜன்னல்கள் உள்ளன என்பது எனக்கே தெரியாது. அவற்றுள் ஒன்றையேனும் நான் தேர்ந்தெடுத்தவன் அல்லேன். எல்லாம் வீட்டோடு வந்தவை. எந்நேரமும் திறந்தே கிடப்பவை. அந்தத் துன்பம் உங்களுக்கு நேரக்கூடாது என்பதே என் இலட்சியம்."

கார்த்திகேசு கை தட்டினார். அவர் தட்டியதனால் எல்லாரும் தட்டினர். ரெங்கசாமியும் தட்டினான். கரி தள்ளிக் காய்த்த கைகளாதலால் அவனுடைய கைத்தட்டல் பலமாகக் கேட்டது; துரை அவனை நோக்கிப் புன்னகை புரிந்தார்.

வீட்டில் பவுனம்மாள் அவனுக்குப் பாடம் நடத்தினாள். இருட்டில் தன் ஈர்க்குச்சி விரல்களை உயர்த்திக் காட்டுவாள்.

"இதுல எது வேணும்? சொல்லுங்க."

"நீ பாத்து..."

"பாத்தீங்களா! வெக்கப்படாதீங்க. வெரல நீட்டி, 'அது'ன்னு சொல்லுங்க. கிராணி என்ன கடிச்சா திம்பாரு?"

"ஒரு மாதிரியா இருக்குடி. கொள்ளையடிக்கிற மாதிரி இருக்கு."

"ஒரு வாட்டி கொள்ளையடிங்க. எனக்காக."

அவன் கொதிகலனின் முன் நின்று பழகினான். கரியைத் தள்ளிவிட்டு, நெருப்பை நோக்கி விரலை நீட்டி, "அது" என்பான். உடன் வேலை செய்தவர்கள் அவனுக்கு வெப்பம் தலைக்கு ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டனர். சில சனிக்கிழமைகள் கழிந்தன. ரெங்கசாமிக்கு விருப்பம் உண்டாகிவிட்டது என்று சபை சான்றளித்தது. அவன் மாதிரி அறைக்குச் சென்று, கண்களை மூடிக்கொண்டு விரலை நீட்டினான். விரல் இரும்புப் பிடியின்மேல் பட்டது.

"கெட்டிக்காரன்!" என்றார் கார்த்திகேசு, உண்மையான மகிழ்ச்சியோடு. "இனித் திரைச்சீலை."

"திரை வேணாங்க ஐயா. ஜன்னல் மட்டும் போதுங்க."

"பிடி திரையோட இணங்க வேணும். அதுதான் இணக்க விதி. திரை என்ன நிறம் எண்டு வீட்டில கேட்டுக்கொண்டு வாரும்."

ரெங்கசாமி வீட்டில் கேட்டான். பவுனம்மாள் கண்களை மூடிக்கொண்டாள். அவளுக்கு மூச்சுத் திணறுகிறதோ என்று அவன் அஞ்சினான். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் அவளிடம் யாரும் நிறம் எதுவென்று கேட்டதில்லை. திருமணப் புடவையைக்கூடக் கங்காணிதான் வாங்கி வந்தார்.

"மயில் கழுத்து" என்றாள் அவள். "காத்துல ஆடுனா நீலமாவும் தெரியும், பச்சையாவும் தெரியும். மாரியாயி அக்காகூட வந்து பாக்கும்."

கார்த்திகேசு இதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மயில் கழுத்தோ? அது எனக்கே இல்லை, காணும்! உம்மட தரத்துக்கு ரெண்டு நிறந்தான். சாம்பல், இல்லையெண்டால் மங்கின சாம்பல். இதுக்குள்ள உமக்குப் பூரண சுதந்திரம்."

ரெங்கசாமி சாம்பலைத் தேர்ந்தெடுத்தான். பவுனம்மாளிடம் மயில் கழுத்து கிடைத்துவிட்டதாகக் கூறினான். பலகையைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்வது அவனுக்குப் பழகிவிட்டிருந்தது.

ஆயினும் சாம்பல் நிறத் திரைக்கு இரும்புப் பிடி இணங்காது என்று சபை கண்டது. பீங்கான் பிடி இணங்கும். பீங்கான் பிடிக்கு வெண்ணிற விளக்குக் கூடு வேண்டும். கூட்டுக்கு உள்ளே மின்விளக்கு வேண்டும். ரெங்கசாமியின் வரிசைக்கு மின்சாரம் வரவில்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் சபை இன்னும் அமையவில்லை. இந்தச் சிக்கல் பல கூட்டங்களில் ஆராயப்பட்டது. முடிவில், கிள்ளானில் உள்ள மாதிரி வீட்டுக்கு ரெங்கசாமியை அனுப்பி, இணக்கம் என்பது யாதென்று அவன் கண்ணாலேயே காணச்செய்வது என்று தீர்மானித்தனர்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ரயிலேறிச் சென்றான். மாதிரி வீடு ஒரு மேட்டின்மேல் நின்றது. நான்கு சுவரிலும் ஜன்னல்கள். தம்புசாமி என்னும் காவல்காரர் அவனை உள்ளே விட்டார்.

"செருப்பக் கழட்டு. செவுத்துல கைய வைக்காத. திரையத் தொடாத. மூச்சு மட்டும் விட்டுக்கலாம்."

ரெங்கசாமி ஒரு ஜன்னலின் எதிரே போய் நின்றான். கடலிலிருந்து வந்த காற்று அவன் சட்டையைப் புடைக்கச்செய்தது. அவன் திரையையும் பிடியையும் நோக்கவில்லை.

"அண்ணே, இங்க யாரு குடியிருக்கா?"

"ஒருத்தரும் இல்ல. ஆளு இருந்தா மாதிரி கெட்டுப்போயிடும்."

"எம் பொண்டாட்டிக்கு ஒடம்பு சொகமில்லண்ணே. ஒரு நா இங்க கொண்டாந்து படுக்கப் போடட்டுமா? காலையில வந்து சாயந்தரம் போயிடுவோம். ஒண்ணையும் தொட மாட்டா. தரையிலதான் படுப்பா."

தம்புசாமி வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குக் குடுக்க ஆசை இல்லன்னா நெனக்கிற? நானே பின்னால கொட்டாயிலதான்யா படுக்கிறேன். அதுக்கு ஜன்னலே கெடையாது."

ரெங்கசாமி வீடு திரும்பியபோது பவுனம்மாள் விழித்திருந்தாள்.

"காத்து நல்லா வருதா அங்க?"

"வருது."

"யாரு வாங்குறா அந்தக் காத்த?"

"யாருமில்ல."

அவள் கையை நீட்டி அவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "சட்டையக் கழட்டிக் குடுங்க" என்றாள். அவன் கொடுத்தான். அவள் அதை முகத்தின்மேல் போர்த்திக்கொண்டு படுத்தாள். அன்று அவளுக்கு இருமல் சற்றுக் குறைவாக இருந்ததாக மாரியாயி பிற்காலத்தில் கூறுவாள். அது உண்மையோ, மாரியாயியின் ஆசையோ, எனக்குத் தெரியாது.

அடுத்த சபைக் கூட்டத்தில் ரெங்கசாமி முறை தவறி நடந்தான். இணக்கத்தைக் கண்டாயா என்று கேட்கப்பட்டபோது, அவன் கைகளைக் கட்டாமல், தலையைச் சாய்க்காமல், "அவ சாவறாங்க ஐயா" என்றான்.

கார்த்திகேசு மொழிபெயர்த்தார். சபை உருகிவிட்டது. சபையின் குறிப்பில் 'ஆழ்ந்த அனுதாபம்' என்ற சொற்றொடர் அன்றுதான் முதன்முறையாக இடம்பெற்றது. துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிழை நம்முடையது. ஜன்னலைப் பயன்படுத்தப் போகிறவள் மனைவி. நாம் கணவனிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். அவளுடைய உரிமையை நாமே பறித்துவிட்டோம். நாளையே நான் நேரிற் சென்று, அவளையே தேர்ந்தெடுக்கச் செய்வேன்."

மறுநாள் துரை வந்தார். பின்னால் கார்த்திகேசு மாதிரிப் பொருள்களைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தார். சீர்வரிசை வருவதுபோல் இருந்தமையால் தெருப் பிள்ளைகள் உடன் வந்தனர். வீட்டுக்குள் இருட்டு. தாம்பாளத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. மாரியாயி மண்ணெண்ணெய் விளக்கைக் கொணர்ந்தாள். அதன் புகையால் பவுனம்மாளுக்கு இருமல் பொங்கியது. விளக்கை வெளியே கொண்டுபோயினர். துரைக்கும் மூச்சு முட்டிற்று. அவர் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து, அங்கிருந்தே தம் கருத்தை அறிவித்தார்.

"இந்த அறையில் காற்றே இல்லை. ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும், இங்கே ஜன்னல் இன்றியமையாதது என்று. இதை முன்னரே உணர்ந்து நடவடிக்கை தொடங்கிய சபையை நான் பாராட்டுகிறேன்."

பாராட்டிவிட்டுக் காரில் ஏறிச் சென்றார். தேர்வை முடித்துக்கொண்டு வரும்படி கார்த்திகேசு விடப்பட்டார். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் குந்தினார். கொண்டிகளை ஒவ்வொன்றாக அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். அவள் தடவிப் பார்த்தாள். கனமான ஒன்றில் விரல்கள் நின்றன.

"இது தொறக்குமாங்க?"

"ஓம், தங்கச்சி. திறக்கும்."

"அப்ப இது."

சபையின் வரலாற்றிலேயே எவ்விதக் குறையும் இல்லாத முதல் தேர்வு அதுதான். அதற்கு இணங்குமாறு மற்றவற்றைச் சபையே அமைத்துக்கொள்ளும் என்று கார்த்திகேசு தம் பொறுப்பில் எழுதினார். அவ்வாறு எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. துரை அதற்குள் மலைவாசத்துக்குச் சென்றிருந்தார். அவர் திரும்பியதும் கூட்டம் கூடி இதனை உறுதிசெய்யும் என்று தெரிவிக்கப்பட்டது.

துரை திரும்புவதற்கு முன் ஒரு விடியற்காலையில் பவுனம்மாள் இறந்தாள். சட்டை அவள் மார்பின்மேல் கிடந்தது.

ரெங்கசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மாரியாயி அழுதாள். கோயிலிலிருந்து இராமலிங்கப் பண்டாரத்தை அழைத்து வந்தார்கள். அவர் நாளையும் நட்சத்திரத்தையும் விரல்களில் எண்ணிப் பார்த்து முகம் சுளித்தார்.

"அவிட்டம். அடைப்பு இருக்கு. வாசல் வழியா எடுக்கக் கூடாது. செவுத்துல வழி பண்ணித்தான் எடுக்கணும். எடுத்தப்புறம் வீட்டப் பூட்டிடணும். காலம் கழியற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது."

அந்த நட்சத்திரத்தில் இறந்தவரை வாசல் வழியே கொண்டுபோனால், அவர் வந்த வழியே திரும்பி வந்து வேறு உயிரையும் அழைத்துச் செல்வார் என்பது அம்மக்களின் அச்சம். ஆனால் சுவரோ நிர்வாகத்தின் செங்கற்சுவர்.

ஸ்டானிஸ்லாஸ் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தான். "செவுத்த இடிக்க வேணாம்" என்றான். "பலகை இருக்கு. நான் அடிச்ச ஆணிதான்." வீட்டுக்குப் போய், ஆணி பிடுங்கும் சுத்தியலை எடுத்து வந்தான்.

ரெங்கசாமி தலையைத் தூக்கினான். "சபையில ஒரு வார்த்த கேட்டுடலாமா?"

"இன்னுமாய்யா கேக்கணும்?" என்றாள் மாரியாயி.

ஸ்டானிஸ்லாஸ் சுத்தியலின் பிளவை ஆணித் தலைக்கு அடியில் கொடுத்து நெம்பினான். ஆணி வந்துவிட்டது. அடுத்தது வந்தது. ஆற்று ஈரத்தில் மரம் இளகிப் பிடிப்பு இல்லாமற் போயிருந்தது. முதற்பலகை கீழே விழுந்தது. அறைக்குள் ஒரு பட்டை வெளிச்சம் பாய்ந்தது. பிற பலகைகளும் விழுந்தன. ஓர் ஆள் வெற்றிலை மடித்து வாயிலிடும் நேரம்கூட ஆகவில்லை.

ஆற்றுக் காற்று உள்ளே வந்தது. பவுனம்மாளின் நெற்றியில் ஒட்டிக்கிடந்த முடியைக் கிளப்பி, மறுபடியும் படியவிட்டது.

ரெங்கசாமி தரையில் கிடந்த பலகைகளைப் பார்த்தான். அவற்றின்மேல் கண்ணைப் பதித்தபடியே கேட்டான்.

"இவ்ளோதானா, ஸ்டானி?"

"இவ்ளோதாண்ணே."

"இவ்ளோதானா?"

ஸ்டானிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஜன்னல் வழியாக அவளைத் தூக்கிக் கொடுத்தனர். ஆற்றங்கரையில் நின்றவர்கள் வாங்கிக்கொண்டனர். அக்கரையில் கீரைக்காரச் சீனர் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் தகரக் குடங்களை இறக்கிவைத்தார். இத்தனை காலம் மூடிக்கிடந்த அந்த ஜன்னலையும், அதன் வழியே வெளிவரும் பெண்ணையும் பார்த்தார். தலையிலிருந்த ஓலைத் தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை நின்றார்.

இவ்வாறு முறையின்றிப் பலகை அகற்றப்பட்டது சபையின் கவனத்துக்கு வந்தது. ஆயினும் இறந்தவள் தேர்வை நிறைவேற்றியவள் என்பதைக் கருத்திற்கொண்டு சபை அதனைப் பெருந்தன்மையோடு மன்னித்தது. மனைவி இல்லாதவனுக்குக் குடும்ப வீடு இல்லை என்ற விதிப்படி, ரெங்கசாமியைத் தனியாள்கள் தங்கும் லயம் என்னும் நீண்ட கொட்டகைக்கு மாற்றினர். ஜன்னலும் தயாராகி வந்தது. வீடு அடைப்பில் பூட்டிக் கிடந்தது. உள்ளே புகத் தச்சர் எவரும் உடன்படவில்லை. ஆகையால் ஸ்டானிஸ்லாஸ் வெளிப்புறத்தில் நின்றபடியே அதனைப் பொருத்தினான். பொருத்திச் சாத்தியபோது, உட்புறக் கொண்டி தானாகவே விழுந்து கொளுவிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் மங்கிய சாம்பல் நிறத் திரை தொங்கியது.

திறப்பு விழா ஆற்றங்கரையில் நடந்தது. துரை மூடிய ஜன்னலின் முன் நின்று பேசினார். தேர்ந்தெடுக்கும் உரிமை ஓர் எளிய பெண்ணின் இறுதி நாள்களை எவ்வாறு ஒளிபெறச் செய்தது என்பதை விளக்கினார். பின்னர் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ரெங்கசாமியை முன்னால் அழைத்தார்.

"இந்த ஜன்னலைத் திறக்கவா, மூடியபடியே விடவா? அதையும் நாம் முடிவு செய்யமாட்டோம். அவனே தேர்ந்தெடுக்கட்டும்."

கார்த்திகேசு தாழ்ந்த குரலில் தமிழில் கூறினார். ரெங்கசாமி கைகளைக் கட்டிக்கொண்டான். தலையைச் சற்றே சாய்த்தான்.

"உங்க இஷ்டம்ங்க ஐயா."

கார்த்திகேசு அவனைச் சிறிதுநேரம் பார்த்தார். பிறகு துரையின் பக்கம் திரும்பி, திறக்கச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

கை தட்டினார்கள். துரை பீங்கான் பிடியைப் பற்றி இழுத்தார். மறுபடியும் பலமாக இழுத்தார். பவுனம்மாள் தேர்ந்தெடுத்தது நல்ல கனமான கொண்டி, ஜன்னல் அசையவில்லை.